கையில் விழும் உதை

காஞ்சி என்றவுடன் கோயில் கோபுரமும் பட்டுத்தறியும் நினைவிற்கு வருதல் இயல்பு. துப்பாக்கி நினைவிற்கு வருவதில்லை. ஆயினும் நகருக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில்தான் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தனர். சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர் இன்றும் ஓவியமாக உள்ளது. அக்காலத்துப் பீரங்கி முழங்கியவுடன் சக்கரத்தோடு பின்னால் உருண்டோடும். வீரர்கள் அதனை மீண்டும் தள்ளி நிறுத்திக் குறிபார்க்க வேண்டும். பீரங்கியின் உதையைச் சக்கரம் வாங்கிக்கொண்டது. கைத்துப்பாக்கிக்குச் சக்கரம் ஏது? ஏவுபவன் கையே அதனை வாங்கிக்கொள்ள வேண்டும். இதனை யாம் கண்ணால் கண்டது காஞ்சியில் அன்று. கடல் கடந்த டெக்சாசில்.

எம் சிற்றப்பா மகன் அங்குப் பெட்ரோல் பங்க்குடன் கூடிய சிறு கடை நடத்துகிறான். 2016 ஆம் ஆண்டு யாம் அவன் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, பக்கத்துத் தெருக் கடையொன்றில் கொள்ளை நடந்து ஒரு திங்களே ஆகியிருந்தது. இரவு முழுவதும் தனித்திருந்து வணிகம் செய்பவன் அஞ்சாமல் என் செய்வான்? உரிய முறைப்படி .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கியிருந்தான். ஆனால் பயிற்சித் திடலில் பத்தடி தூரத்து அட்டையில்கூடக் குண்டு படவில்லை. எல்லாம் தரையை நோக்கியே சென்றன. கடையில் அவ்வாறு தவறும் குண்டு, பால் வாங்க வந்த ஒரு தாயின்மீது பட்டால்? அந்த எண்ணமே அவனை உறங்கவிடவில்லை. எம்மையும் உடன் அழைத்துக்கொண்டு பயிற்றுநர் ஒருவரிடம் சென்றான்.

மேக்னம் என்பது 1935 இல் வந்த தோட்டா. பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை 3 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல் நீட்டி, வலிமை மிகுந்த மருந்திட்டுச் செய்யப்பட்டது. குண்டின் எடை இரண்டிலும் ஏறத்தாழ 10 கிராமே, வேகமோ.38 இல் நொடிக்குச் சுமார் 240 மீட்டர், மேக்னத்தில் சுமார் 380. நியூட்டன் விதிப்படி குண்டு முன்னே பாயத் துப்பாக்கி பின்னே உதைக்கும், மேக்னத்தின் உதையாற்றல்.38 இன் உதையைப்போல் இருமடங்கிற்கும் மேல். குழல் கைக்கு மேலே உயர்ந்து அமைந்திருப்பதால் அந்த உதை துப்பாக்கியின் வாயை மேல்நோக்கித் தூக்குகிறது. துப்பாக்கி இலேசானதாயின் உதை இன்னும் மிகும். நம் நாட்டில் கான்பூர்த் தொழிற்சாலை 2014 இல் வெளியிட்ட 'நிர்பீக்' சுமார் 500 கிராம் எடையே உடையது, அது.32 தோட்டாவிற்கு உரியதாதலால் கை பொறுக்கிறது.

அப்படியாயின் குண்டு மேலேயன்றோ செல்ல வேண்டும்? தரையில் விழுவானேன்? பயிற்றுநர் விடை கூறவில்லை. ரிவால்வரை வாங்கி, உருளையில் சில அறைகளில் தோட்டாவும் சில அறைகளில் வெற்றுக்கூடும் தம் கையால் இட்டுச் சுழற்றிக் கொடுத்தார். முதல் முறை வெடித்தது. இரண்டாம் முறை 'டிக்' என்னும் ஒலி மட்டுமே எழுந்தது. ஆனால் துப்பாக்கியின் வாய் நான்கு விரற்கடை கீழே குனிந்தது! உதையே இல்லை, உதை வருமென்று அஞ்சிய கை தானே முந்திக்கொண்டு அழுத்தியிருக்கிறது. விசை விழுந்தபின் குண்டு குழலைவிட்டு நீங்க ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியளவே ஆகும். துப்பாக்கி பெரிதாக எழும்புவது அதன் பின்னரே. குறியைக் கெடுத்தது உதையன்று, அச்சமே. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

அதன்பின் பாடம் எளிதாயிற்று. பிடியை இயன்றவரை மேலே பற்றுதல். மறுகையால் அதனைச் சூழ்ந்து இறுக்குதல். உடலைச் சற்றே முன்சாய்த்து, முழங்கையை விறைக்காமல் நிற்றல். கட்டைவிரல் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தின் அருகே செல்லலாகாது. அதன் வழியே சுடுவளி பீறிடும். காதிற்கும் கண்ணிற்கும் காப்பு இன்றியமையாதது. விசையை வெடுக்கென இழாமல் சீராக அழுத்த வேண்டும். உதையைத் தடுக்க முயலாமல், எழும்பட்டும் என விட்டு, அது தானே இறங்கிய பின் மீண்டும் குறிபார்க்க வேண்டும். கை சோர்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்; சோர்ந்த கை அஞ்சும் கையாகிவிடும்.

இரண்டாம் நாள் மாலை தம்பி ஒன்று சொன்னான். சிறுவயதில் அவன் அடுத்த வீட்டு நெசவாளப் பெரியவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தவன். "அண்ணே, புதிதாகத் தறியில் உட்கார்பவன் இழை அறுந்துவிடுமோ என்று பயந்து பலகையை ஒரு நேரம் ஓங்கி அடிப்பான், ஒரு நேரம் தொட்டும் தொடாமலும் அடிப்பான். துணியில் ஓரிடம் கெட்டி, ஓரிடம் சல்லடை. பெரியவர் அடித்தால் காலை முதல் மாலை வரை ஒரே சத்தம்தான். அவர் பலகையைப் பார்க்கவே மாட்டார், இழையைத்தான் பார்ப்பார்" என்றான். பயிற்றுநர் சொன்னதைவிட இது எமக்கு நன்றாக விளங்கிற்று என்பதை மறைப்பானேன்!

மேக்னம் ரிவால்வரில் .38 தோட்டாவும் பொருந்தும்; .38 ரிவால்வரில் நீண்ட மேக்னம் நுழையாது. ஆகவே பயிற்றுநர் அவனை .38 இலிருந்தே தொடங்கச் செய்தார். நான்காம் வாரம் அட்டையின் நடுவில் ஓர் உள்ளங்கையளவு இடத்தில் ஐந்து துளைகள் விழுந்தன. பிறகு மேக்னம் இட்டபோது துளைகள் மீண்டும் பரவின. முன்போல் தரைக்குச் செல்லவில்லை, அவ்வளவே.

வலிமை மிகுந்ததையே கடையில் வைத்திருக்க வேண்டும் என நண்பர் பலர் வற்புறுத்தினர். எம் கருத்து வேறு. தம்பியும் அதற்கு இசைந்தான். கடையிலுள்ள ரிவால்வரில் இன்று .38 தோட்டாக்களே உள்ளன. மேக்னம் பெட்டி வீட்டு இரும்புப் பேழையில் பூட்டியிருக்கிறது; திடலுக்குச் செல்லும் நாளில் மட்டும் அதனை எடுத்துச் செல்கிறான்.