மதில் மேல் பூனையும் 18-55 லென்ஸும்

உங்க போனை எடுத்து கேலரியைத் திறங்க. அப்படியே கீழே தள்ளிக்கிட்டே போங்க. செமஸ்டர் டைம்டேபிள் ஸ்க்ரீன்ஷாட், யாரோ அனுப்பிய லேப் ரெக்கார்ட் பக்கங்கள், கேக் பூசிய பிறந்தநாள் மூஞ்சிகள். இதுக்கெல்லாம் நடுவுல எங்கேயாவது ஒரு பூனை இருக்கும். பந்தயமே கட்டலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். நான் எல்கேஜி முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு மார்க் வாங்க ஒரு பாடமாக மட்டும்தான் இருந்தது. இதில் எங்கேயும் ஒற்றுப்பிழை இல்லையென்றால் அந்தப் புண்ணியம் எடிட்டருக்கு. ஆனால் இந்தக் கதையை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஏனென்றால் இதில் முக்கியமான வசனமெல்லாம் என் பாட்டியுடையது.

கேமரா கையில் கிடைத்ததும் எல்லோரும் ஏன் பூனையைத் தேடிப் போகிறோம்? ஈஸியா கிடைக்கும். சம்மதம் கேட்க வேண்டாம். "என் மூக்கு பெருசா இருக்கு, டெலிட் பண்ணு" என்று சொல்லாது. ஆனால் எடுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும், பூனை ரொம்பக் கஷ்டமான சப்ஜெக்ட். நாய் கூப்பிட்டால் வரும். பூனைக்கு நாம கூப்பிட்டது காதில் விழும், அவ்ளோதான்.

மெக்கானிக்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கொசுறு. 1894-ல் எதியன் ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், தலைகீழாக விடப்பட்ட பூனை அந்தரத்திலேயே திரும்பி நாலு காலில் இறங்குவதை அடுத்தடுத்த ஃப்ரேம்களாகப் படம் பிடித்தார். கையை உதைத்துத்தான் பூனை திரும்புகிறது என்று அதுவரை பல பேர் நம்பினார்கள். எதையும் உதைக்காமலே அது திரும்புகிறது என்று அந்தப் படங்கள் காட்டின. ஆங்குலர் மொமென்டம் பூஜ்யமாக இருக்கும்போது அது எப்படி முடியும் என்பதற்கு ஒரு முழு டைனமிக்ஸ் மாடல் 1969-ல்தான் வந்தது. கேன், ஷெர் என்ற இரண்டு பேர் பூனையை இரண்டு சிலிண்டர்களாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். நம்ம இன்டர்னல்ஸில் அது வராததற்கு நன்றி சொல்லுங்க.

என் முதல் மாடல் ஹாஸ்டல் மெஸ் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல், மீன் போடும் நாளில் மட்டும் பாசம். முதல் வருடம் முழுக்க அதைப் போனில் எடுத்துத் தள்ளினேன். நைட் மோடில் எடுத்தால் ஆவி மாதிரி வந்தது. நைட் மோட் பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது, அதற்குள் பூனை தலையைத் திருப்பிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. ஃப்ளாஷ் போட்டால் கண்கள் இரண்டும் டார்ச் லைட். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அதற்கு உண்டு. இருட்டில் எலி பிடிக்கத்தான் அது, நம்ம ஃப்ளாஷுக்கு இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். நின்றபடி மேலேயிருந்து எடுக்காமல் தரையில் உட்கார்ந்து பூனையின் கண் உயரத்தில் எடுக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் போதும். ஷட்டர் ஸ்பீடு 1/250-க்குக் கீழே போனால் மீசை கலங்கும். ஃபோகஸ் எப்போதும் கண்ணில். கருப்புப் பூனை என்றால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கேமரா அதைச் சாம்பல் பூனையாக்கிவிடும். வெள்ளைப் பூனைக்கு நேர் எதிர்.

அமெரிக்காவில் வால்டர் சாண்டோஹா என்று ஒருவர் இருந்தார். 1949-ல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நியூயார்க் பனியில் கிடந்த ஒரு குட்டியைத் தூக்கிக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அதைப் படம் எடுக்க ஆரம்பித்தவர், 2019-ல் 98 வயதில் இறக்கும் வரை பூனைகளை விடவே இல்லை. அவரைப் பற்றிப் படித்த அன்றைக்கு நானும் அப்படி ஆகப்போகிறேன் என்று முடிவு செய்தேன். அவர் முதலில் குட்டியைத் தூக்கினார், கேமரா அப்புறம்தான் வந்தது. இந்த வரிசை அப்போது என் கண்ணில் படவில்லை.

இனி ஸ்ரீரங்கம்.

என் அம்மாவின் அம்மா அடையவளஞ்சான் தெருவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் இட்லியிலிருந்து தப்பிக்க ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி அங்கே போய்விடுவேன். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமான பழைய வீடு. ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு சுற்று மதில். ஊரே மதிலுக்குள் மதிலாக இருப்பதால் பூனைகளுக்குத் தனி ஹைவே இருக்கிறது. 'மதில் மேல் பூனை' என்ற பழமொழியை இந்த ஊரில்தான் யாரோ கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் தியரி.

நான் பூனைப் பைத்தியம் என்று தெரிந்ததும் பாட்டி எனக்கு இரண்டு பூனைகளை அறிமுகப்படுத்தினாள். இரண்டும் இந்த ஊர்ப் பூனைகள்.

ஒன்று கம்பர் பூனை. கம்பர் ராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் தாயார் சன்னதிக்கு எதிரே இருக்கிறது. அந்த ராமாயணத்தின் தொடக்கத்தில் அவர், பாற்கடலைப் பார்த்து அதை முழுவதுமாக நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை மாதிரி நானும் ஆசைப்பட்டுவிட்டேன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார்.

இன்னொன்று மார்ஜார நியாயம். பெயரைக் கேட்டு பயப்படாதீங்க. பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "கொரங்குக் குட்டி என்ன பண்ணும்? தாயோட வயத்தக் கெட்டியா பிடிச்சுக்கும். பிடி விட்டா விழுந்துடும். பூனைக்குட்டி ஒண்ணுமே பண்ணாது. கத்தும். தாயே வந்து கழுத்தக் கவ்வித் தூக்கிண்டு போகும். பெருமாள் நம்மள எப்படிக் காப்பாத்தறார்னா, கொரங்கு மாதிரின்னு வடகலைக்காரா சொல்லுவா, பூனை மாதிரின்னு நாம சொல்லுவோம்." வேதாந்த தேசிகர் வழி, பிள்ளை லோகாசாரியர் வழி என்று நூற்றாண்டுகளாக நடக்கும் வாதத்தைப் பாட்டி அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

எனக்கு உடனே ஒரு படம் தோன்றியது. குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் தாய். பின்னால் ஸ்ரீரங்கத்து மதில். எப்படியாவது அதை எடுக்கணும்.

இரண்டாம் வருடம், கார்த்திகை மாதம், ஸ்டடி லீவு. பாட்டி வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்து ஓட்டுச் சாய்ப்பில், கோணிப்பைகளுக்கு நடுவே ஒரு பழுப்புப் பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. நான் நண்பனின் டிஎஸ்எல்ஆரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். கூட வந்தது 18-55 கிட் லென்ஸ் மட்டும். அந்த லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தூரத்துப் பொருளைக் கிட்டே கொண்டுவர அதனால் முடியாது. நாமதான் கிட்டே போகணும்.

"டேய், அங்க போகாதே. குட்டி போட்டு நாலு நாள்கூட ஆகலை. பயந்துதுன்னா எடத்த மாத்திடும்" என்றாள் பாட்டி.

போனேன். இரண்டு நாளில் ஏழெட்டு தடவை. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. வெளிச்சம் பற்றவில்லை என்று கோணிப்பையை ஒதுக்கிக்கூட வைத்தேன். தாய் சீறியது. அதையும் எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், தாய் முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு சாய்ப்பிலிருந்து வெளியே வருகிறது. கை நடுங்க ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி, எஃப் 5.6, 1/125. குட்டி காலை மடக்கிக்கொண்டு துணி மாதிரி தொங்கியது. தாய் கிணற்று மேடையில் ஏறி, மதிலில் தாவி, அந்தப் பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இரண்டாவது குட்டியையும் எடுத்துப் போனது. அதிலும் ஒரு ஃப்ரேம் பளிச்சென்று விழுந்தது. பாட்டி சொன்ன நியாயம் அப்படியே படமாக!

அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது முறை இன்னும் கிட்டத்தில் எடுக்கலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்கே போய் நின்றேன்.

தாய் மதில் மேல் வந்தது. என்னைப் பார்த்தது. அப்படியே நின்றது. கீழே சாய்ப்பில் குட்டி கத்திக்கொண்டிருந்தது. பழமொழியில் வரும் பூனை எந்தப் பக்கம் குதிப்பது என்று தெரியாமல் நிற்கும். இதற்கு எந்தப் பக்கம் குதிக்கணும் என்று நன்றாகவே தெரியும். நடுவில் நான் நின்றேன். படமும் எடுத்தேன், ஆறு ஃப்ரேம். பிறகு மழை கொட்ட ஆரம்பித்தது. கேமரா நனையக் கூடாது என்று உள்ளே ஓடினேன். தாய் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

மழை மத்தியானம் வரை விடவில்லை. தாய் வரவில்லை. சாய்ப்பு ஒழுகி, நான் ஒதுக்கி வைத்திருந்த கோணிப்பையில் தண்ணீர் ஏறியிருந்தது. குட்டி சில்லென்று கிடந்தது. பாட்டி பழைய வேஷ்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் போனில் தேடி, ஒரு கால்நடை டாக்டரிடம் பேசி, பசும்பால் ஒத்துக்காது, முதலில் உடம்பைச் சூடாக்கணும், அப்புறம்தான் எதுவும் புகட்டணும் என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். வெந்நீர் பாட்டில் வைத்தோம். ராத்திரி முழுக்க மாற்றி மாற்றி விழித்திருந்தோம். மறுநாள் சாயங்காலம் போய்விட்டது. பவழமல்லி அடியில் புதைத்தேன்.

பாட்டி திட்டவில்லை. "உன்னாலதான்னு சொல்ல முடியாதுடா. ஆனா உன்னால இல்லேன்னும் சொல்ல முடியாது" என்று மட்டும் சொன்னாள். மெட்டீரியல் சயின்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரண்டு வாக்கியத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மாசம் கழித்து காலேஜ் ஃபெஸ்ட். இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் படத்தை 'அம்மா' என்று பெயர் வைத்துப் போட்டிக்குக் கொடுத்தேன். முதல் பரிசு. உங்களில் சில பேர் அதற்கு ஹார்ட் போட்டிருப்பீங்க. "எவ்ளோ பொறுமையா வெயிட் பண்ணியிருப்ப" என்று ஒரு சீனியர் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பொய்தான் இரண்டு வருஷமாக உறுத்துகிறது. அது பொறுமையில் கிடைத்த படம் இல்லை. ஒரு தாயை பயமுறுத்தினால் கிடைக்கும் படம். அது கொல்லையை விட்டு ஓடியதே என்னால்தான்.

எனவே கேமரா எடுத்துக்கொண்டு கிளம்பும் ஜூனியர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். குட்டி போட்ட பூனை பக்கம் போகாதீங்க. கண் திறந்து, தானே நடந்து வெளியே வரட்டும். எங்கே பதுங்கியிருக்கிறதோ அந்த இடத்தைத் தொடாதீங்க. காது பின்னால் மடங்கினால், சீறினால், அதற்கு ஒரே அர்த்தம்தான், போ என்று. லென்ஸ் எட்டவில்லையென்றால் அந்தப் படம் உங்களுடையது இல்லை. விட்டுடுங்க. தெருப்பூனை என்றால் தூரமாக உட்காருங்க, வேறு எதையாவது பாருங்க. உறையூர் மீன் மார்க்கெட்டில் இப்படி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து, கடைசியில் என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிய பூனை உண்டு. அவ்வளவு கிட்டே வந்ததால் ஃபோகஸே ஆகவில்லை.

போன வைகாசியில் பாட்டி போன் செய்தாள். "உன் பழுப்புப் பூனை மறுபடியும் நம்ம சாய்ப்புலதான் குட்டி போட்டிருக்கு. ரெண்டு. வரதுன்னா வா, கேமரா வேண்டாம்." போனேன். கொல்லைக் கதவைத் திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனபோது இரண்டும் கிணற்று மேடையைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. சமையலறை ஜன்னலிலிருந்து போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். ஜன்னல் கம்பிதான் பெரிசா தெரியும். குட்டிகள் இரண்டு பழுப்புப் புள்ளி. போட்டிக்கெல்லாம் தேறாது. பாட்டி அதைத்தான் வாட்ஸ்அப் டிபியாக வைத்திருக்கிறாள்.

இந்தக் கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் படம் அது இல்லை, பரிசு வாங்கியதும் இல்லை. மதில் மேல் நிற்கும் பூனை, அந்த ஆறு ஃப்ரேமில் ஒன்று. இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. நான் எடுத்ததிலேயே கண்ணில் ஃபோகஸ் மிகச் சரியாக விழுந்த படம் அதுதான். நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க. கண்மணிக்குள் சின்னதாக ஒரு ஆள், கையில் கேமராவோடு நிற்கிறான்.