மாட்டுக்கு உப்புக் கலவை, மருமகளுக்குத் திட்டா?

வேகாத அரிசியைத் தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று பெண் பிள்ளைகளைக் கேலி செய்வது நம் பக்கத்து வழக்கம். கல்யாணம் முடிந்து, பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை விட முடியாத பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிலருக்கு அரிசி, சிலருக்குத் திருநீறு, சிலேட்டுக் குச்சி, செங்கல் தூள். மழை பெய்து மண் மணத்தால் ஒரு கட்டியாவது வாயில் போட்டால்தான் சிலருக்கு மனசு ஆறும். ஏன் என்று கேட்டால், "வாய் நமநமங்குது" என்பார்கள். வீட்டில் பார்த்துவிட்டால் திட்டு விழும். அதனால் ஒளித்துத் தின்பார்கள்.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. புறநானூற்றின் 20-ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே ஒழிய, பகைவரால் கொள்ள முடியாது என்கிறார். அந்தக் காலத்திலேயே மசக்கைக்காரி மண் தின்பது புலவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

விவசாயிகளான நமக்கு இந்தக் குறி இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். மாடு மண்ணை நக்குகிறது, கயிற்றையும் துணியையும் மெல்லுகிறது என்றால் நாம் அதை அடிப்பதில்லை. குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, தாது உப்புக் கலவை வாங்கித் தீவனத்தில் நாளுக்கு 30 முதல் 50 கிராம் கலந்து வைக்கிறோம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த காட்டில் நிலக்கடலையின் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், இரும்புச் சத்துக் குறைவு என்று அன்னபேதி கரைத்துத் தெளிக்கிறோம். மாட்டிலும் செடியிலும் பார்க்கத் தெரிந்த நாம், வீட்டுப் பெண் அரிசி தின்றால் மட்டும் அதைக் கெட்ட பழக்கம் என்கிறோம்.

என் மருமகள் விஷயத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். ராசிபுரம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி எங்களுக்கு. பேரன் பிறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. களை வெட்டும்போது நாலு சால் போவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். உதட்டு ஓரம் வெடித்து, காரம் பட்டால் எரியும். முகம் மாவு பூசியது போல் இருந்தது. தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. நகம் பிளந்து பிளந்து உடைந்தது. ரேஷன் அரிசி டப்பா வேறு சீக்கிரம் காலியானது.

"எப்ப இருந்து அம்மிணி?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவன் வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சதுங்க அத்தை. விடணும்னுதான் பாக்கறேன், முடியல" என்று அழுதாள்.

சொந்தக்காரர் ஒருவர் முகத்துக்குப் பூச ஒரு கிரீம் வாங்கி வந்து கொடுத்தார். அதை எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நர்ஸம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2 இருந்தது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. "அரிசி திங்கறியா?" என்று நர்ஸம்மா கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வெக்கப்படாத சாமி. உடம்புல இரும்புச் சத்து இல்லைன்னா இப்படித்தான் வாய் கேக்கும்" என்றார்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து எங்கள் தட்டைக் கணக்குப் பார்த்தேன். காலையில் டீயும் ரஸ்க்கும். பிறகு இட்லி அல்லது பழைய சோறு. மதியம் அரிசிச் சோறு, ரசம். வெட்டும் காலத்தில் அவித்த குச்சிக்கிழங்கு. சாயந்திரம் மறுபடி டீ. வயிறு நிறைகிறது, ஆனால் எல்லாம் மாவுச் சத்து. தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ஆணுக்கு 19 போதும். மாதவிலக்கில் ரத்தம் போவதால் பெண்ணுக்குத் தேவை கூடுதல். ஆனால் நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவதும், குறைவாகச் சாப்பிடுவதும் அவர்கள்தான்.

கம்பு 100 கிராமில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. கேழ்வரகில் நாலரை, சோளத்தில் நாலு. முருங்கைக் கீரையிலும் நாலுக்கு மேல். இவை நம் மேட்டுக்காட்டில் விளைபவை. கம்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு அந்தக் காசில் ரஸ்க் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம்.

சாப்பிட்டது எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. தானியம், கீரையில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் அதுவும் குறையும். ஆகவே எங்கள் வீட்டில் டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நிறுத்தினோம். புளிப்பான காயும் பழமும் இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். கீரை கடைந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிகிறோம். சாப்பிட்டதும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ உண்டு. கம்பங்கூழை ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்த பெரியவர்கள் விவரமானவர்கள். புளிக்கும்போது, இரும்பைக் கட்டி வைத்திருக்கும் பொருள் குறைகிறது. ஊறவைத்து முளை கட்டினாலும் அதே பலன்.

நாமக்கல் முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989 முதல் சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. தோலுக்கும் முடிக்கும் தசைக்கும் அது தேவை. ஆனால் இரும்புக்கு முட்டையை மட்டும் நம்ப முடியாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியலில் இருக்கும் இரும்பு எளிதாகச் சேரும்.

அதற்காக அரிசியை விட்டுச் சோளத்தை மட்டும் பிடித்துக்கொள்வதும் கூடாது. ஐதராபாத் பக்கம் பருப்பு, பால் எதுவும் இல்லாமல் சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு, வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து வெடிக்கும் பெலக்ரா நோய் வந்தது. மருத்துவர் கோபாலன் 1960-இல் அதை ஆராய்ந்து எழுதினார். ஒற்றைப் பயிர் காட்டுக்கு ஆகாதது போல, ஒற்றைத் தானியம் உடம்புக்கும் ஆகாது. களியோடு பருப்பும் கீரையும் மோரும் வேண்டும்.

8.2-இல் இருப்பவளைச் சாப்பாட்டால் மட்டும் தேற்ற முடியாது. மாத்திரை வேண்டும். சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பலர் பாதியில் விடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்புதான். இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டால் புரட்டல் குறையும். டீயோடும் பாலோடும் போடக் கூடாது. அன்னபேதியும் இரும்புதானே என்று உரக்கடையில் வாங்கித் தின்றுவிடாதீர்கள். அது பயிருக்கு. மனிதருக்கு அளந்து சுத்தம் செய்த மாத்திரைதான்.

கொக்கிப்புழுவையும் மறக்க வேண்டாம். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது உள்ளே போய், குடலில் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். மண் தின்றால் வேறு புழுக்களின் முட்டையும் சேர்ந்து போகும். காட்டுக்குச் செருப்புப் போட்டுப் போக வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவறவிடக் கூடாது. கர்ப்பிணிகள் நர்ஸைக் கேட்காமல் எந்தப் பூச்சி மருந்தும் சாப்பிடக் கூடாது.

மருமகளுக்கு மூன்று வாரத்திலேயே அரிசி மேல் இருந்த ஆசை போய்விட்டது. "இப்ப அதப் பாத்தா சும்மா அரிசியாத்தான் தெரியுதுங்க அத்தை" என்றாள். உதட்டு ஓரப் புண் ஆறியது. மூன்று மாதத்தில் ரத்தம் 11.4 ஆனது. முடியும் நகமும் தேறத்தான் நாள் பிடித்தது. ஆசை போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தவில்லை. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தோம். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ரத்தம் ஏறாதவர்கள் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மூலம், வயிற்றுப் புண், அதிக மாதவிலக்கு என்று வேறு காரணம் இருக்கலாம்.

வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை தருவார்கள். அதை அவள் விழுங்குகிறாளா, வெளியே வீசுகிறாளா என்று அப்பன்மாரும் கேட்க வேண்டும். கறவை மாட்டுக்கு உப்புக் கலவை தீரும் முன்பே நினைவாக வாங்கி வருகிறவர்கள் அவர்கள்தானே.