உதையும் ஒளிவரியும்

புதுக்கோட்டை கீழராஜ வீதியை ஒட்டிய சந்தொன்றில் ரேடியோவும் தொலைக்காட்சியும் பழுது பார்த்துவந்த எனக்கு, தொண்ணூறுகளில் வீடுகளுக்குள் புகுந்த வீடியோ கேம் பெட்டிகள் ஒரு புது வித்தையாகவே வந்து வாய்த்தன. பெரும்பாலும் அவை, 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் யந்திரத்தின் நகல்கள். ரிப்பேர் முடிந்த பெட்டியைப் பரீட்சிக்க நான் மாரியோவை நாடியதில்லை. அடிதடி கேசட்டைத்தான் செருகுவேன்.

ஐரெம் நிறுவனம் 1984-இல் படைத்த குங்ஃபூ ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பில், தாமஸ் என்னும் வீரன் சில்வியாவை மீட்க ஐந்து மாடிகளைக் கடக்க வேண்டும். பாய்ந்து கட்டிப்பிடிக்கும் எதிரிகளை, இட வல பட்டன்களை மாறிமாறி விரைந்து அழுத்தியே உதற முடியுமாதலால், ரப்பரின் அடியிலுள்ள கார்பன் சிறிது தேய்ந்திருப்பினும் அக்கணமே குட்டு வெளிப்பட்டுவிடும். முதல் மாடியில் இடப்புறமாகவே நடக்கவேண்டியிருப்பதால், முதலில் தேய்வதும் பெரும்பாலும் இடப் பட்டனே. அம்மாடியின் காவலன் கம்பு ஏந்தியவன். அவன் கம்பைப் பிடிப்பதே தப்பு என்று சிலம்பம் பழகிய பையன்கள் என்னோடு வாதாடியதுண்டு.

"அண்ணே, ஆளு மின்னி மின்னி மறையுறான், ஐசி போயிருச்சா?" என்று கேட்டு வருவோரும் உண்டு. ஐசி போகவில்லை. அந்த யந்திரம், திரையின் ஒரு கிடைவரியில் எட்டுப் புள்ளி அகலமுள்ள சித்திரத் துண்டுகள் எட்டுக்கு மேல் காட்டாது. கால் நீட்டி உதைப்பவனுக்கோ மூன்று நான்கு துண்டுகள் வேண்டும். பறக்கும் விமானங்கள் மேலும் கீழுமாகச் சிதறி நிற்கலாம். சண்டைக்காரர்கள் ஒரே தரையில் அணிவகுத்தாக வேண்டும். ஆகவே அடிதடி ஆட்டத்தைப்போல் இந்த நிர்ப்பந்தத்தில் வகையாகச் சிக்கியது வேறில்லை.

யோஷிஹிஸா கிஷிமோட்டோவின் டபுள் டிராகன் 1987-இல் ஆர்கேடில் கும்பலாக மோதியது. 1988-இல் வீட்டுக்கு வந்தபோதோ, ஒரு சமயத்தில் இரண்டு எதிரிகளே எதிர்ப்பட்டனர். அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏணியும் மேடையும் பள்ளமும் வைத்து, ஆட்களை வெவ்வேறு உயரங்களில் நிறுத்தி, எந்த எதிரியை எந்த மட்டத்தில் சந்திப்பது என்னும் யோசனையையே ஆட்டக்காரன் தலையில் சுமத்தியது, நெருக்கடியினின்று பிறந்த யுக்தி என்பதே என் அபிப்பிராயம்.

மற்றொரு விசித்திரமும் உண்டு. ஜப்பானியத் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுவது, நம்முடையது 50. ஆட்டத்தின் கணக்கு அந்தத் துடிப்பையே பின்பற்றுவதால், நாம் ஆடிய உதைகள் யாவும் ஆறில் ஒரு பங்கு வேகம் குன்றியவை.

இக்காலத் தட்டைத் திரைகளோ படத்தை வாங்கி, திருத்தி, பிறகே காட்டுவதால், பட்டனை அழுத்திய பின் உதை தாமதமாகிறது. ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு துடைத்தாலும் அது நீங்காது. 2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல இலவசப் படக்குழாய் டி.வி. இன்னும் ஓடுகிற நிலையில் உங்கள் வீட்டிலிருந்தால், பழைய இரும்புக்குப் போடாமல் பெட்டியை அதில் மாட்டுங்கள்.