படியெடுத்து வைத்தல்

ஏட்டுச்சுவடி செல்லரிக்குமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தது நம் முன்னோர் வழக்கம். இஞ்ஞான்று கணினியில் எழுதுவோருள் அங்ஙனம் படியெடுத்து வைப்போர் மிகச் சிலரே. வாங்கிய பொறி என்றும் நிலைபெறுமென எண்ணுகின்றனர் போலும்!

எம் மாணவர் ஒருவர் இரண்டாண்டுக் காலம் சிற்றூர்தோறும் நடந்து, முதியோர் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்தார். அவையனைத்தும் ஒரே மடிக்கணினியின் வன்தட்டில் இருந்தன. ஒருநாட் காலை அத்தட்டுச் சுழலாதொழிந்தது. பழுது பார்ப்போர் இருவரிடம் கொடுத்தும் பயனில்லை. மீண்டும் பதிவு செய்யலாமெனின், பாடிய பாட்டியர் இருவர் அதற்குள் காலஞ்சென்றிருந்தனர். அன்று மாலை அவரருகில் யாம் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். தேறுதல் கூறச் சொல் எழவில்லை.

நிற்க. அதுமுதல் யாம் சனிக்கிழமைதோறும் கோப்புகளைப் படியெடுத்து வருகின்றோம். மூன்று படிகள், இருவகைச் சேமகங்கள், ஒரு படி வேற்றிடத்தில் என்பது பீட்டர் கிரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி. எமது மூன்றாம் படி தமையனார் வீட்டு அலமாரியில் உறங்குகின்றது.

கோப்புகளைக் காப்போரும் உலாவியை மறந்துவிடுகின்றனர். பல்லாண்டு தேடிச் சேர்த்த புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அங்கன்றோ உள்ளன! பயர்பாக்ஸ் உலாவி இவற்றை ‘புரொஃபைல்’ என்னும் ஒரு கோப்புறையுள் வைத்திருக்கின்றது. புத்தகக்குறிகள் ‘பிளேசஸ்’ என்னுங் கோப்பிலும், கடவுச்சொற்கள் ‘லாகின்ஸ்’ என்பதிலும், அவற்றைத் திறக்குஞ் சாவி ‘கீ4’ என்பதிலும் இருக்கும். சாவியை விடுத்துப் பெட்டகத்தை மட்டும் எடுத்துச் செல்வதாற் பயனென்னை? ஆதலின், உலாவியை முற்றும் மூடிய பின்னர்க் கோப்புறை முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். விண்டோஸ் கணினியிலுள்ள குரோம் உலாவியோ கடவுச்சொற்களை அக்கணினியின் பயனர்க் கணக்கொடு பிணைத்துப் பூட்டுகின்றது. கோப்புறையை வேறு கணினிக்குக் கொண்டுசென்றாலும் அவை திறவா. அவற்றைத் தனியே ஏற்றுமதி செய்யலாம். ஆனால் அங்ஙனம் பெறுங் கோப்பை எவரும் படித்துவிடலாமாதலின், அதனைப் பூட்டியே வைத்தல் வேண்டும்.

“எல்லாம் கூகுள் கணக்கில் ஒத்திசைந்து விடுகின்றனவே, ஐயா?” என்பர் மாணவர். ஒத்திசைவு கண்ணாடி போன்றது. ஈண்டு அழித்தது ஆண்டும் அழியும்.

படியெடுத்தாற் போதாது, அது திறக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். 1998-ஆம் ஆண்டில் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. காப்புப்படிகளும் பழுதுற்றிருந்தமை அதன்பின்னரே புலப்பட்டது. கைக்குழந்தையோடிருந்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், வீட்டிலிருந்து பணிசெய்யும்பொருட்டு வைத்திருந்த படியே படத்தை மீட்டது.

யாம் திங்கள்தோறும் பழம்படியினின்று ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கின்றோம். சென்ற திங்கள் அகப்பட்டது பத்தாண்டுக்கு முந்தைய கடிதமொன்று. எழுத்துருவஞ் சிறிது மாறியிருந்தது, எழுத்தொன்றுங் குறையவில்லை.