ஒலிக்காத மணி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்)

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைப் பற்றி நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, மன்னன் வெளியே வந்தான். கதை அங்கிருந்து நீதியை நோக்கிப் போய்விடுகிறது. நான் கேட்க நினைப்பது வேறு. அந்தக் கயிறு இற்றுப்போய் அறுந்து கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பசு வாயிலில் நின்று கதறியிருக்கும். மன்னனோ, இன்று மணி ஒலிக்கவில்லை, நாட்டில் குறையொன்றும் இல்லை என்று நிம்மதியாக உறங்கப் போயிருப்பான்.

நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்திலும் இக்காலத்து ஆராய்ச்சி மணி ஒன்று உண்டு. மூலையில் இருக்கும் பழைய கணிப்பொறி ஒன்றில் 'நாகியோஸ்' என்னும் மென்பொருள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈத்தன் கால்ஸ்டாட் என்பவர் 1999-இல் 'நெட்செயிண்ட்' என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் பெயர் மாற்றம் பெற்ற மென்பொருள் இது. வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும் ஆசிரியரைப் போல, கல்லூரியில் உள்ள சர்வர்களையும் ஸ்விட்சுகளையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெயர் சொல்லி அழைக்கும். பதில் வராவிட்டால் உடனே கூச்சல் போடாது. ஒரு நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்க்கும். ஐந்து முறை அழைத்தும் குரல் இல்லையென்றால்தான், "இன்னது இயங்கவில்லை" என்று உரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். அந்த உரியவர், தொகுப்பூதியத்தில் பணிபுரியும் நம் ஆய்வக உதவியாளர் அண்ணன்.

சென்ற பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நூலகக் கட்டடத்தில் இருந்த ஸ்விட்ச் செத்துப்போயிற்று. சனியும் ஞாயிறும் விடுமுறை. திங்களோ அகமதிப்பீட்டு மதிப்பெண்களை இணையத்தில் ஏற்றுவதற்குக் கடைசி நாள்! காலையில் வந்த பேராசிரியர்களில் ஒருவராலும் இணையத்துக்குள் நுழைய முடியவில்லை. பதினொரு மணிக்கு மேல் வேறொரு ஸ்விட்சைப் பொருத்திய பின்புதான் வேலை நடந்தது. மறுநாள் அண்ணனுக்கு மெமோ வந்தது. அவருடைய கைப்பேசியிலேயே சான்று இருந்தது: "நூலக ஸ்விட்ச் இயங்கவில்லை, வெள்ளி, இரவு 9.47." செய்தி வந்தும் இரண்டரை நாள் வாளாவிருந்தார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு நாள் ஊதியம் பிடித்தம். விளக்கம் நிறைவாக இல்லையெனில் பணியிலிருந்தே நீக்கம்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் போனைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி. சத்தியமா ஒண்ணும் வரல. திங்கக்கிழமை மத்தியானம்தான் வந்துச்சு. சொன்னா யாரு நம்புறாங்க?" என்றார்.

"நான் நம்புறேன் அண்ணே" என்றேன். ஆனால் நம்பிக்கை என்பது விளக்கக் கடிதத்தில் எழுதக்கூடிய சரக்கல்லவே! துறைத்தலைவரிடம் அனுமதி பெற்று அந்தக் கணிப்பொறியின் குறிப்பேடுகளைத் திறந்தேன்.

நாகியோஸ் தன் குறிப்பேட்டில் நேரத்தை நம்மைப்போல எழுதுவதில்லை. கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 பிறந்ததிலிருந்து எத்தனை நொடிகள் கழிந்தன என்ற நீண்டதோர் எண்ணை எழுதும். அதை நாளாகவும் மணியாகவும் மாற்றி, நம் நாட்டுக்குரிய ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டிப் பார்த்தேன். இரவு 9.43-க்கு ஸ்விட்ச் முதன்முறை பதில் தரவில்லை. 9.47-க்கு ஐந்தாம் முறை. அதே நிமிடத்தில் அண்ணனுக்குச் செய்தி அனுப்பியதாகவும் ஒரு வரி! ஒரு கணம் எனக்கே நெஞ்சு பகீர் என்றது. அப்படியானால் மணி ஒலிக்கத்தானே செய்திருக்கிறது?

நூலகத்தின் மூன்று கணிப்பொறிகளுக்குச் செய்தியே போகவில்லை என்பதையும் கண்டேன். அது பிழையன்று. அவை அந்த ஸ்விட்சுக்குப் பின்னால் இருப்பவை. வாயிற்கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று எப்படிச் சொல்வது? அவற்றை 'எட்ட முடியாதவை' என்று மட்டும் பதிந்துகொண்டு, கதவைப் பற்றி மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்திருந்தார்கள். அதுவும் ஒரே ஒரு முறை. மணிக்கொரு முறை நினைவூட்டு என்ற ஏற்பாடு இல்லை.

அனுப்பியது என்றால் என்ன? நாகியோஸ் எழுதிய கடிதத்தை அதே கணிப்பொறியில் இருக்கும் 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற அஞ்சல் மென்பொருளிடம் கொடுத்தது. அதோடு அதன் கடமை முடிந்தது. ஆகவே அஞ்சல்காரரின் குறிப்பேட்டைத் திறந்தேன். வெள்ளி இரவு 9.47, கடிதம் பெறப்பட்டது. அடுத்த வரி, வெளியே செல்ல வழியில்லை, நிறுத்திவைக்கப்பட்டது. மணிக்கொரு முறை போல அதே வரி, சனி முழுவதும், ஞாயிறு முழுவதும். திங்கள் முற்பகல் 11.26-க்கு, சேர்ப்பிக்கப்பட்டது. தாமதம் 221940 நொடிகள். கணக்கிட்டால் 61 மணி 39 நிமிடம்.

காரணம் வெளிப்படை. கல்லூரிக்குள் இணையம் வந்து சேரும் கம்பி நூலகக் கட்டடத்தில்தான் இறங்குகிறது. ஆய்வகத்திலிருந்து போகும் எந்த அஞ்சலும் அந்த ஸ்விட்சைக் கடந்தே போக வேண்டும். பாலம் உடைந்த செய்தியை அந்தப் பாலத்தின் வழியாகவே சொல்லியனுப்பினால் எப்படி ஊர் போய்ச் சேரும்? இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 11.12-க்கு ஸ்விட்ச் உயிர் பெற்றதும் "சரியாகிவிட்டது" என்ற புதிய அஞ்சல் உடனே பறந்துவிட்டது. பழைய அஞ்சலோ தன் முறை வரும் வரை காத்திருந்து, 14 நிமிடம் கழித்து "கெட்டுவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வந்தது! மெமோ எழுதியவர்கள் கடிதத்தின் தலையில் எழுதியவர் இட்ட தேதியைப் பார்த்தார்கள். தபால் முத்திரையைப் பார்க்கவில்லை.

இது சிறிய கல்லூரியின் சிறிய கதை. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2.14-க்கு அபாய அறிவிப்பு மென்பொருள் உறைந்துபோயிற்று. உறைந்ததை அறிவிக்க வேறொரு மணி இல்லை. 2.32-க்கு அண்டை நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, 345 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று துண்டித்து மீண்டது என்றார்கள். திரையில் ஒன்றும் இல்லையே என்று இவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 3.05, 3.32, 3.41 என்று மூன்று பெருந்தடங்கள் மரக்கிளைகளில் பட்டு அடுத்தடுத்து அறுந்தன. சர்வர் நின்றுபோன செய்தி கணிப்பொறிப் பிரிவினருக்குத் தானாகவே போயிற்று. அவர்களும் அதை மீண்டும் இயக்கினார்கள். அறிவிப்புகள் வருகின்றனவா என்று பக்கத்து அறையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 4 மணிக்குப் பின் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தார்கள். அந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது 2.32-க்கு வந்த தொலைபேசிதான். மனிதன் ஒன்று சொல்கிறான், திரை வேறொன்று சொல்கிறது. எங்கும் திரைக்குத்தான் மதிப்பு!

விளக்கக் கடிதத்துடன் இரண்டு குறிப்பேடுகளின் நகலையும் இணைத்தோம். நொடிக்கணக்கைத் துறைத்தலைவர் தாமே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்திட்டு முதல்வரிடம் கொண்டு சென்றார். நான்காம் நாள் மெமோ திரும்பப் பெறப்பட்டது. பிடித்த ஊதியத்தில் ஒரு நாளுக்குரியது அடுத்த மாதப் பட்டியலில் வந்தது. மற்றொரு நாளுக்குரிய கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது.

ஆய்வகத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். சிம் அட்டை பொருத்திய சிறு மோடம் ஒன்றைக் கண்காணிக்கும் கணிப்பொறியில் செருகினோம். இனி ஸ்விட்ச் செத்தாலும் செய்தி குறுஞ்செய்தியாக வேறு வழியில் போகும். இரண்டாவது ஏற்பாடு எனக்கு இன்னும் பிடித்தது. நாள்தோறும் மாலை 6 மணிக்கு, "நலம்" என்ற ஒற்றைச் சொல்லை அண்ணனுக்கு அது அனுப்ப வேண்டும். வராத நாளில் வராமையே செய்தி.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை 6.10-க்கு அண்ணன் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். "தம்பி, இன்னிக்கு ஆறு மணி மெசேஜ் வரல" என்றார். இருவரும் ஓடிப்போய் ஆய்வகத்தைத் திறந்தோம். தரை ஈரமாக இருந்தது. யாரோ கூட்டித் துடைப்பதற்காக அந்தக் கணிப்பொறியின் மின்செருகியைப் பிடுங்கி, பத்திரமாக மேசை மேல் சுருட்டி வைத்திருந்தார்கள்.