மனைக்கு முன் மண்ணைக் கேளுங்கள்

முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை ஓதிக் கொடுத்து வருகிறேன். விற்கும் பொருளின் குறையை மறைப்பது ஹராம். மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம். அவ்வுரிமைக்குக் 'கியாருல் ஐப்' என்று பெயர். இவ்வளவும் ஓதிக் கொடுத்த நானே ஒரு வீடு வாங்கும்போது ஏமாந்து நின்றேன்.

2012ஆம் ஆண்டுக் கோடையில், கடலூரின் புறத்தே புதிதாகக் கட்டிய வீடொன்றை வாங்கினேன். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டித் தெளிந்தேன். பத்திரங்களில் பழுதில்லை. மண்ணைத்தான் நான் பார்க்கவில்லை. "இங்கே தண்ணீரே நிற்காது" என்றார் விற்றவர். பளபளக்கும் தரையும் புது வண்ணமும் அவருக்குச் சாட்சி கூறின.

2015 நவம்பர் பெருமழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை யாவரும் அறிவர். எங்கள் கூடத்தில் முழங்காலளவு நீர் நான்கு நாட்கள் நின்றது. கிதாபுகளைப் பரணில் ஏற்றிவிட்டு, முதிய தாயாரைச் சுமந்துகொண்டு வெளியேறினேன். நீர் வடிந்து திரும்பியபோது வீட்டின் ஒரு மூலை தாழ்ந்திருந்தது. சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்புகள் ஓடின.

முதிய கொத்தனார் ஒருவர் சுவரோரம் தோண்டிக் காட்டினார். "ஐயா, இது நஞ்சை நிலம். மேலே கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். கெட்டி மண் இன்னும் கீழே கிடக்கிறது, அஸ்திவாரம் அங்கே போய்ச் சேரவில்லை" என்றார். திருப்பித் தரும் உரிமை நூலில் இருந்தது. விற்றவரோ ஊரிலேயே இல்லை.

2018இல், வளைகுடாவில் உழைக்கும் என் தம்பி சிதம்பரத்தில் வீடு வாங்க விரும்பினான். "காக்கா, நீங்கள் பார்த்தால் போதும்" என்றான். இருபதாண்டு வியர்வை என் கண்ணை நம்பி நிற்கிறதே என்று அஞ்சினேன். அக்கொத்தனாரையும் உடன் அழைத்துக்கொண்டேன்.

சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கடைமடைப் பூமி. அங்குள்ள களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் பருக்கும். ஆகவே, ஐப்பசி மழை பெய்த மறுநாளே சென்றோம். அண்டை வீட்டுச் சுவர்களில் நீர்க்கறை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று பார்த்தோம். காலி மனையில் கோரை முளைத்திருந்தால் நீர் தங்கும் இடம் என்றார் கொத்தனார். புலப்படத்தில் வாய்க்காலோ ஓடையோ மனையைத் தொடுகிறதா என்று ஆராய்ந்தோம். அந்நிலத்தில் முன்பு உழுத பெரியவரைத் தேடிக் கேட்டோம். பிறகே கட்டடத்துக்குள் நுழைந்தோம். செங்கல்லைத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். பூச்சை ஆணியால் கீறினால் மணலாக உதிரக்கூடாது. மாடியில் நீரூற்றினால் அது வடிகுழாயை நோக்கி ஓட வேண்டும். கடலோரமாயின் கிணற்று நீரைச் சுவைத்துப் பாருங்கள். உப்பு நீரில் குழைத்த கலவை உள்ளிருக்கும் இரும்பைத் தின்னும். இவ்வாறு மூன்று வீடுகளை விலக்கி, நான்காவதை வாங்கினோம்.

அடுக்குமாடி வாங்குவோர்க்கும் இது பொருந்தும். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டி வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டதை மறக்கலாமா? 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி பதிவான திட்டங்களில், ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டியவரே செலவின்றிச் சீர்செய்து தரவேண்டும். தனியொருவர் கட்டி விற்கும் சிறு வீட்டுக்கு நம் கண்ணே காவல்.

பின்னர் கடலூர் வீட்டை விற்கும் வேளை வந்தது. வெடிப்புகளை அடைத்து வண்ணம் பூசியாயிற்று. "கேட்டால் சொல்லுங்கள், கேளாவிட்டால் ஏன் சொல்ல வேண்டும்?" என்றார் உறவினர் ஒருவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பாடம் நடத்திய நாவு மௌனமானால், எனக்கு விற்றவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

பார்க்க வந்த முதலிருவரும் உண்மையைக் கேட்டுத் திரும்பிப் போயினர். மூன்றாமவர் அடித்தளத்தை வலுப்படுத்தும் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கினார். எனக்கு இழப்புத்தான். ஆயினும், மழை பெய்யும் இரவுகளில் அவ்வீட்டாரை நினைத்து நான் நடுங்குவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.