எந்த இடுப்பு?

தோளில் நான்கு ரப்பர் தகடுகளை ஒட்டிக் கரண்ட் வைத்துவிட்டுப் போய்விட்டாள் பிசியோ. பதினைந்து நிமிடம். அசையக் கூடாது, பேசவும் ஆளில்லை. திரை முக்கால்தான் மூடும். மிச்சமிருந்த இடைவெளியில் எதிர்க் கட்டில் தெரிந்தது.

கட்டில் ஓரத்தில் ஓர் அம்மாள். ஐம்பதை ஒட்டிய வயது. சுடிதார், தடித்த அடியுள்ள ஷூ. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் தினமும் இரண்டு சுற்று, ஐந்து கிலோமீட்டர். யாரும் கேட்காமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"இடுப்பு வலிங்க அம்மணி. மூணு மாசமாச்சு."

"எந்த இடுப்புங்க்கா? கை வெச்சுக் காட்டுங்க" என்றாள் பிசியோ.

நல்ல கேள்வி. தமிழில் இடுப்பு பெரிய ஊர். முதுகின் அடிவாரமும் இடுப்பு, குடம் உட்காரும் இடமும் இடுப்பு, பிரசவ வலியும் இடுப்பு வலிதான். தொடை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் கிண்ண மூட்டுக்குப் பேச்சில் தனிப்பேர் கிடையாது. அதனால் இந்த அறையில் வாயை நம்புவதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள்.

நான் வந்தபோது உள்ளே இருந்த பையனும் இடுப்பு என்றுதான் சொன்னான். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவன்; 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அவன் கை பானைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் வளைந்தது: கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் தொடைச் சந்தில். முட்டியை மார்புப் பக்கம் மடக்கி உள்நோக்கித் திருப்பியதும் முகம் கோணியது. வலி மூட்டுக்குள்ளே.

அம்மாளின் கை அங்கே போகவில்லை, முதுகுக்கும் போகவில்லை. பேன்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில், வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முடிச்சில் போய் அழுந்தியது. "இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா ராத்திரி தூக்கமே போச்சுங்க."

பிசியோ இன்னும் அவரைத் தொடவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். கையைக் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க. முப்பது எண்றேன்."

பதினெட்டில் அம்மாளின் உதடு மடங்கியது. தூக்கிய கால் பக்கத்து இடுப்பு, ஒரு விரற்கடை இருக்கலாம், கீழே இறங்கியது. டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895இலேயே எழுதிவைத்த சரிவு இது: ஊன்றிய கால் பக்கத்துப் புட்டத் தசை தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

அடுத்து வைத்தியம் தொடங்கும் என்று எதிர்பார்த்தேன். விசாரணை தொடங்கியது. சமைக்கும்போது எப்படி நிற்பீர்கள்? காட்டினார்: ஒரு காலில் பாரம், இடுப்பு வெட்டி ஒரு பக்கம் தள்ளி, இல்லாத குழந்தையை இடுக்கியதுபோல. கால்மேல் கால் போடுவீர்களா?

"வீட்ல மட்டுந்தாங்க" என்றார், வெட்கத்தோடு.

"அதுதானுங்க்கா. அந்த எலும்பு மேலதான் தசைநார் வந்து ஒட்டுது. கால் உள்பக்கம் சாஞ்சா அது அங்கயே நசுங்குது. ரெண்டு கால்லயும் நில்லுங்க. படுக்கறப்போ முட்டிக்கு நடுவுல தலகாணி."

அம்மாள் என் தோளை, ஒட்டியிருந்த தகடுகளை, ஏக்கத்தோடு பார்த்தார். "எனக்குக் கரண்ட் வெக்கலீங்களா?"

காசு கொடுத்து வந்தவருக்குத் தலையணைதானா என்ற மனத்தாங்கல் நியாயமானது. கரண்ட் இல்லை என்றதும் ஊசி பற்றிக் கேட்டார். ஆஸ்திரேலியாவில் இதே வலிக்காரர்கள் 204 பேரை, 35 முதல் 70 வயது வரை, மூன்று கூறாக்கிப் பார்த்த ஆய்வொன்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எட்டு வாரத்தில் தேவலை என்றவர்கள், பயிற்சியும் பழக்கத் திருத்தமும் பெற்றவர்களில் 77 சதம். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 58. சும்மா விட்டவர்களில் 29. பிசியோ இவ்வளவும் சொல்லவில்லை. "ஊசி அப்புறம் பாக்கலாங்க்கா" என்று சொல்லி முட்டிக்கு மேலே ஒரு பெல்ட்டைச் சுற்றினாள்.

மல்லாந்து படுத்து, பெல்ட்டை வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். கால் நகரக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மாளின் நெற்றியில் மட்டும் வியர்வை. பிறகு புட்டத்தைக் கட்டிலைவிட்டுத் தூக்கி, மெதுவாக இறக்கி, மறுபடி தூக்கி.

"வலி பத்துக்கு எத்தனைங்க?"

"மூணு."

"அஞ்சத் தாண்டினா நிறுத்திருங்க. நடை இப்போதைக்கு ஒரு சுத்துப் போதும்."

ஒற்றைக் காலில் நின்றபோதுகூட அந்த முகம் இப்படி வாடவில்லை. "ஒண்ணுதானுங்களா? கூட வர்றவங்கெல்லாம்..." முடிக்கவில்லை. பிசியோவும் கேட்கவில்லை, நோட்டில் எதையோ எழுதினாள்.

என் மணி அடித்தது. தகடுகளைப் பிய்த்தார்கள்.

வெளியே ரசீது மேசையில் அம்மாள் எனக்கு முன்னால். இரண்டு காலிலும் சமமாக, பள்ளிப் பிரார்த்தனையில் நிற்பதுபோல் விறைத்து நின்றார். மேசைக்குப் பின்னால் பில் போடும் பெண் ஒரு காலில் பாரத்தைத் தள்ளி, இடுப்பை மேசை விளிம்பில் சாய்த்தபடி கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாள் அந்த இடுப்பையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் "சில்லறை இருக்குங்களாக்கா?" என்றாள் அவள். அம்மாள் பர்ஸைத் திறந்தார்.